இடது கண் இமை

மியூசியத்தில் அவளைச் சொந்தப் பெயரால் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. காலையில் கறுப்பு உடுப்பில் வந்தாலும் மதியத்துக்குள் வெளுத்துப்போவாள். புருவம், காதுமடல், கைக்கடிகாரத்தின் கண்ணாடி, எங்கும் பிளாஸ்டர் மாவு. அதனால் மாவக்கா. வீட்டிலும் அந்த மாவு அவளை விடவில்லை. "அப்படியே எண்ணெய்ச் சட்டியில இறங்கினா பொரிஞ்சு வந்துடுவே" என்பார் கணவர். அவர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தெருவுக்கும் மனைவிக்கும் அவர் கண்டக்டர்தான்.

மாவக்காவின் வேலை உருவம் செய்வது. மியூசியத்தின் பின்புறம் தகரக்கூரை போட்ட பட்டறை. ஒரு நீள மேசை, இரண்டு தண்ணீர்த் தொட்டி, அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டே இருக்கும் ஒரு வடிகால். மான், கரடி, பழைய காலத்துச் சிப்பாய்கள், சுகாதாரக் கண்காட்சிக்காகப் பல் விளக்கும் குழந்தை என்று எத்தனையோ செய்திருக்கிறாள். அப்பா துணிக்கடைப் பொம்மைகள் செய்தவர். தலையில்லாத பெண்களும் தனியாகக் கிடக்கும் கைகளுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, உடம்பு என்பது சின்ன வயதிலேயே கழற்றிப் பூட்டுகிற சாமான் ஆகிவிட்டது. பத்தொன்பது வயதில் மியூசியத்தில் தற்காலிக வேலை. பிறகு நிரந்தரம். மொத்தம் முப்பத்தெட்டு வருஷம்.

அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு நாளைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

மலையிலிருந்து ஐந்து பேரை வண்டியில் ஏற்றிவந்திருந்தார்கள். காய்ச்சலுக்குப் பரிசோதனை, மருந்தும் போர்வையும் தருவோம் என்று சொல்லிக் கூட்டிவந்ததாகக் கேள்வி. பட்டறைத் தலைவர் அன்றைக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். தடிமனான கண்ணாடி போட்டவர் என்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். ஐந்து பேரையும் ஒவ்வொருவராக மேசைமேல் படுக்கவைத்து, மூச்சுவிட மூக்கில் இரண்டு குழல் செருகி, முகத்தின்மேல் பிளாஸ்டர் குழம்பை ஊற்றினார். அது இறுகும்போது சூடாகும். சூடாகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எந்த மொழியில் சொல்வது என்றுகூட யாரும் யோசிக்கவில்லை.

மாவக்காவுக்குக் கொடுத்த வேலை சுலபமானது. புருவத்திலும் இமையிலும் வாஸ்லினைக் கெட்டியாகத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் முடி பிளாஸ்டரோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு பேருக்குச் சரியாகத் தடவினாள். ஐந்தாவது ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வாசலில் அவளுடைய தங்கை, பத்துப் பதினோரு வயதுப் பிள்ளை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாவக்காவின் விரல் கண்ணுக்குக் கிட்டே போனதும் அந்தப் பெண் அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மாவக்கா இடது கண்ணை ஒப்புக்குத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

இருபது நிமிஷம் கழித்து அச்சைத் தூக்கியபோது வலப்பக்கம் கழன்றது. இடப்பக்கம் வரவில்லை. கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

படுத்திருந்தவள் கத்தவில்லை. வாசலில் நின்ற பிள்ளைதான் கத்தியது.

அச்சின் உட்பக்கம், இடது கண் குழியின் ஓரத்தில், ஏழெட்டு இமை முடிகள் வேரோடு நின்றன. "முதல் வாரமே அச்சைக் கெடுத்துட்டியே!" என்றார் கண்ணாடிக்காரர். திட்டு அவ்வளவுதான், அதுவும் அச்சுக்காக. பிடுங்கினால் பிளாஸ்டர் பெயர்ந்துவிடும் என்று அந்த முடிகளின்மேலேயே அரக்கு பூசிக் காயவைத்தார்கள். அச்சிலிருந்து வார்த்த முகத்தில் கண்கள் மூடித்தான் இருந்தன. கத்தியால் இமையைக் கீறி, கண்ணாடிக் கண் வைத்து, அவளை விழிக்கவைத்தது மாவக்காவின் கை. இரண்டாவது கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மடியில் ஒரு கூடையுடன் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அட்டை: 'மலைப்பெண், கூடை முடையும் நிலையில்.' பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். மாவக்கா மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டினாள். ஐந்து அச்சுகளும் பட்டறையை ஒட்டிய கிடங்கில், ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி, முகம் சுவரைப் பார்க்க நிறுத்தப்பட்டன.

ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, மியூசிய வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது.

"தண்ணிக்கு நாங்க சொல்லவே இல்லையே" என்றான் காவலாளி.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியவள் நாற்பது வயதுப் பெண். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "தண்ணி குடுக்க வரல. எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

கூடவே இறங்கியவள் அவளுடைய சித்தி. ஐம்பதை நெருங்கியவள், ஒல்லி. மலையிலிருந்து கீழே படிக்க வந்த ஒரு பிள்ளை, பள்ளிச் சுற்றுலாவில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறது. சித்திதான் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருக்கிறாள். இயக்குநர் கூட்டத்தில் இருந்ததால், அந்த உருவங்களைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என்று மாவக்காவைக் கூப்பிட்டு விட்டார்கள்.

மூன்று பேரும் கண்ணாடித் தடுப்பின் முன் நின்றார்கள். சித்தி உருவத்தின் மடியில் இருந்த கூடையைப் பார்த்தாள். பிறகு, "எங்க அக்காவுக்குக் கூடை முடையவே தெரியாது" என்றாள். "அவ ஆடு மேய்ச்சவ. கூடை வேணும்னா கீழ சந்தைக்கு வந்துதான் வாங்குவா."

"இதுவும் சந்தையில வாங்கினதுதான்" என்று மாவக்கா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லாரிக்காரி ஒரு நொடி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. "கண்ணு இவ்வளவு பெருசா இருக்காதே?" என்று சித்தியைக் கேட்டாள்.

"இருக்காது. யாரோ கீறிப் பெருசாக்கியிருக்காங்க."

மாவக்கா தரையைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்திய பிள்ளை இதுதான் என்று அவளுக்கு வந்தவுடனேயே தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அந்தக் கண்ணைத் தடவினேன், நான்தான் கீறினேன் என்று. சொல்லவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டாள்.

பட்டறையில் உட்கார்ந்து லாரிக்காரி சொன்னது இது. முகம் எடுத்து இரண்டு வருஷத்தில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி மலைக்குப் போய், ஆட்கள் நடந்து இறங்கிவர நான்கு நாள் ஆனது. அதற்குள் கேட்பாரில்லாத பிணம் என்று எங்கோ புதைத்துவிட்டிருந்தார்கள். எங்கே என்று எழுதிவைத்த தாள் இல்லை. கேட்டவர்களுக்கு, போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது.

"மண்ணு போட எங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கல. எங்க ஆளுங்க எல்லாரும் அங்கே ஒரே சரிவுல இருக்காங்க. இவங்களுக்கு மட்டும் இடம் காலியா கிடக்கு. அதான் கேக்குறேன். அவங்களோடது எது இருந்தாலும் எனக்கு வேணும். எது இருந்தாலும்."

"உருவத்தைக் கண்டிப்பா குடுப்பாங்கம்மா. நான் டைரக்டர்கிட்ட பேசறேன்" என்றாள் மாவக்கா. 'எது இருந்தாலும்' என்று அவள் இரண்டு தடவை சொன்னது காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

இயக்குநர் நல்லவர். வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார், இது வெட்கக்கேடு என்று மேடையிலேயே சொல்லத் தயங்காதவர். அன்றைக்கே முடிவெடுத்தார். உருவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வெள்ளிக்கிழமை சின்னதாக ஒரு விழா, பத்திரிகைக்காரர்கள், பேனரில் 'மன்னிப்பும் மரியாதையும்'. மாவக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"அம்மா, அந்த அச்சு நல்லா இருக்குல்ல?"

"இருக்கு சார். அஞ்சும் இருக்கு."

"அஞ்சாம் நம்பர்ல இன்னொரு நகல் எடுத்து வச்சிடுங்க. ஃபைபர்ல. சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்ல, கேட்டுட்டேன். இந்தத் தடவை கூடை கீடை எல்லாம் வேணாம். கௌரவமா, நின்ன மாதிரி. இவங்களுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ற கூடமாவே அதை மாத்திடுவோம். நாம அவங்க பக்கம்தானே நிக்கிறோம்?"

"அவங்க சம்மதிச்சாங்களா சார்?"

"முதல்ல வேலை நடக்கட்டும். எடுத்துக் காட்டினா சந்தோஷப்படுவாங்க."

புதன்கிழமை காலை கண்டக்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மாவக்கா விஷயத்தைச் சொன்னாள். உருவம் இந்த வாசல் வழியாகப் போகும், அந்த வாசல் வழியாக அதே முகம் மறுபடி வந்து நிற்கும். அச்சு இருக்கும்வரை அந்தப் பெண்ணுக்கு விடுதலை கிடையாது.

"அதனால அதை உடைக்கப் போறேன்" என்றாள்.

"வேலை போயிடும்டி."

"போகட்டும்."

கண்டக்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவங்களைக் கேட்டியா?"

"யாரை?"

"அந்த லாரி ஓட்டுற பொண்ணை."

"இதுல கேக்க என்ன இருக்கு? கொள்ளி வைக்கிறவன்கிட்ட போய், நெருப்பை அணைக்கட்டுமான்னு கேப்பாங்களா?"

"கொள்ளி வைக்கிறவன்கிட்ட கேக்க வேணாம். வீட்டுக்காரங்ககிட்ட கேக்கலாம்ல" என்றார் கண்டக்டர். "முப்பது வருஷம் டிக்கெட் குடுத்தவன் சொல்றேன். எங்கே இறங்கணும்னு ஏறினவங்களைத்தான் கேக்கணும்."

"உங்களுக்கு எல்லாமே பஸ்ஸுதான்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாவக்கா கிடங்கிலிருந்து ஐந்தாம் எண்ணைத் தூக்கிவந்து மேசைமேல் சாக்கு விரித்து மல்லாக்க வைத்தாள். உள்ளே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒரு துணியைப் போர்த்தினாள். இடது கண் குழியின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக அது அவள் கணக்கில் ஒரு பழுது, அவளுடைய கைப்பிசகு, பார்க்கக் கூசும் ஒரு தப்பு. ஒரு மனுஷியின் முடி என்று அதை அவள் நினைத்ததே இல்லை.

மரச்சுத்தியல் முதல் அடியிலேயே நெற்றியைப் பிளந்தது. நார் வைத்து இறுக்கிய அச்சு, அதனால் நார் விடாமல் பிடித்துக்கொண்டது. கிழித்துக் கிழித்து அடித்தாள். கை வலித்தது, மனசு லேசாகிக்கொண்டே வந்தது. துண்டுகளை மூன்று சாக்கில் அள்ளினாள். மியூசியத்தின் பின்னால் புதிதாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் பள்ளம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். "இதையும் போட்டுடுங்கப்பா" என்று கொட்டச் சொன்னாள். ரோலர் அவள் கண் முன்னாலேயே அதன்மேல் இரண்டு தடவை போய்வந்தது. அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசித்தது. டப்பாவைத் துடைத்த மாதிரி சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை, விழாக் காகிதங்களில் கையெழுத்துப் போட லாரிக்காரியும் சித்தியும் வந்தார்கள். மாவக்கா அவர்களைப் பட்டறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது சொல்வதற்குத் தைரியம் வந்திருந்தது. முதல் வாரம், வாஸ்லின், இடது கண், கத்தி என்று எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா அது" என்றாள் சித்தி. "ஒல்லியா ஒரு பொண்ணு நின்னுச்சு. நானும் திங்கக்கிழமையிலேர்ந்து யோசிக்கிறேன்."

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. ஆனா நேத்து நான் ஒரு வேலை செஞ்சுட்டேன்" என்றாள் மாவக்கா. குரலில் லேசான பெருமை இருந்தது. அதை அவளே பிறகு பலமுறை நினைத்துக் கூசியிருக்கிறாள். "இவங்க மறுபடியும் ஒரு உருவம் வார்க்கப் பாத்தாங்க. நான் அச்சை உடைச்சுட்டேன். இனிமே யாரும் உங்க அம்மா முகத்தை எடுக்க முடியாது."

லாரிக்காரி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள்.

"எந்த அச்சை?"

"அவங்க முகத்துல வச்சு எடுத்தது. முதல் அச்சு."

"அம்மா மேல பட்டது?"

"ஆமா."

"யாரைக் கேட்டு உடைச்சீங்க?"

மாவக்கா அச்சு இருந்த மேசையைப் பார்த்தாள்.

"எங்க அம்மாவுக்கு இடது கண்ணுல முடி முளைக்கவே இல்ல" என்றாள் லாரிக்காரி. "அவங்களைப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கிறதே அது ஒண்ணுதான். மடியில படுத்துட்டு அந்த இடத்தை விரலால தடவுவேன், வழவழன்னு இருக்கும். அந்த முடி எங்கேன்னு சித்தியைக் கேட்டேன். வெள்ளைக் கல்லுல ஒட்டிக்கிச்சுன்னு சொன்னா. அந்தக் கல்லு இங்கே இருந்துச்சா? நேத்து வரைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முடியோட?"

"முடியோட."

வெளியே ரோலர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாவக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சித்தி அவளுக்கு எதிரே வந்து நின்றாள். "அழாதே" என்றாள். ஆறுதல் குரலில் சொல்லவில்லை. "நீ அழுதா உன்னையும் நாங்கதான் தேத்தணும். எங்களுக்கு இப்போ அதுக்கு நேரமில்ல. எங்கே கொட்டினே, காட்டு."

காட்டினாள். லாரியிலிருந்து மண்வெட்டி வந்தது. ரோலர் ஓட்டுகிறவன் முதலில் கத்தினான், லாரிக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். மாவக்கா பட்டறையிலிருந்து மாவு சலிக்கும் பெரிய சல்லடையைக் கொண்டுவந்தாள். லாரிக்காரி வெட்டிப் போட, மாவக்கா மண்டியிட்டுச் சலித்தாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. சரளை, செங்கல் பொடி, கண்ணாடிச் சில்லு, நார். நடுநடுவே ஒரு முகத்தின் துண்டுகள்: மூக்குத்தண்டின் ஒரு ஓரம், உதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், தாடையின் வளைவு. கண் இருந்த பகுதி தனியாக இல்லை. இரும்பு உருளை அதை மாவாக்கி மண்ணோடு மண்ணாக அழுத்தியிருந்தது. மூன்று தடவை ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. மூன்றும் சாக்கு நார்.

மதியம் தாண்டியது. சித்தி குனிந்து சல்லடையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். விரலால் நசுக்கினாள், முகர்ந்தாள், கையை உதறினாள்.

"இது சுண்ணாம்பு" என்றாள். "போதும்."

லாரிக்காரி மண்வெட்டியைக் கீழே போடவில்லை. தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் சரியாக இருந்தது.

"மத்த நாலு அச்சு?"

"கிடங்குல இருக்கு."

"அதுல முடி?"

"புருவத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும். தடவினாலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்." மாவக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் உடனே அதையெல்லாம் எடுத்து..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்." லாரிக்காரி கையை உயர்த்தினாள். "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் உங்ககிட்ட நான் கேக்குறது. ஒண்ணும் பண்ணாதீங்க. நாலு பேர் வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லணும். போக ஒரு நாள், வர ஒரு நாள். அதுவரைக்கும் தொடாதீங்க, யாரையும் தொடவும் விடாதீங்க. அப்புறம் அன்னைக்கு என்ன நடந்துச்சு, யார் கூட்டிட்டு வந்தாங்க, என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அழகா எழுத வேணாம். நடந்ததை எழுதுங்க."

"உருவத்தை நாளைக்கு..."

"அது உங்க பொம்மை. நீங்களே வச்சுக்குங்க."

பட்டறை மேசையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் 'எனக்கு மிகவும் வேதனையாக' என்று தொடங்கிய ஒரு வரியைத் தானே அடித்துவிட்டாள். லாரி கிளம்பிப் போனதும் இயக்குநரிடம் போய், அச்சை உடைத்ததையும் எழுதிக் கொடுத்ததையும் சொன்னாள்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். வெள்ளிக்கிழமைக்கு மந்திரி வரச் சம்மதித்திருந்தார். "அரசாங்கச் சொத்தை உடைச்சிருக்கீங்க அம்மா. அதுக்கு மேல எழுத்துல வேற குடுத்திருக்கீங்க. நான் இவங்களுக்காக எவ்வளவு போராடிட்டு இருக்கேன், தெரியுமா உங்களுக்கு?" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்பதுதான் கொடுமை. மிச்சம் நான்கு அச்சுகளையும் பாதுகாப்புக்காகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அப்போதே உத்தரவு போட்டார்.

மாவக்கா கிடங்கு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

விழா தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். "அக்கா, வழி விடுங்க. எங்களை ஏன் சிக்கல்ல மாட்டிவிடறீங்க?"

"கேட்டுட்டு வர்றாங்க, இருங்கப்பா."

"யாரு?"

"அச்சுக்குச் சொந்தக்காரங்க."

தள்ளுவண்டி காலியாகவே திரும்பியது. பிறகு தற்காலிக வேலைநீக்க உத்தரவு ஒன்று வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். கண்டக்டர் சாப்பாடு கொண்டுவந்தார். அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து வரும்வரை அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். "டிக்கெட் இல்லாதவன் ஒருத்தனும் ஏற முடியாது, போய்ட்டு வா" என்றார். அவள் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட அன்று அவர் கேட்ட கேள்வியை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. அதை எடுத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வந்தது. லாரிக்காரியும் சித்தியும், மூன்று வீடுகளிலிருந்து மூன்று பேரும் இறங்கினார்கள். நான்காவது வீட்டுக்காகச் சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை. முகம் கொடுத்தவரே வந்திருந்தார். எழுபது தாண்டிய மனிதர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. லாரிக்காரி அவரை மாமா என்று கூப்பிட்டாள். மாவக்கா எழுந்து சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மூன்று அச்சுகளை அவரவர் ஆட்கள் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். எப்படிப் பிடித்தால் உடையாது என்று கேட்டபோது மட்டும் மாவக்கா வாய் திறந்தாள். இரண்டாம் எண் பெரியவருடையது. மடியில் வைத்து, குழிந்த பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அச்சின் உள்முகத்துக்கு ஒரு வித்தை உண்டு. பார்க்கிறவர் தலையை அசைத்தால், பள்ளமாக இருக்கும் முகம் மேடாக எழும்பி, கூடவே திரும்பும். பெரியவர் இடமும் வலமும் சாய்ந்து பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"நான் இவ்வளவு லட்சணமா இருந்தேனா! எவளாச்சும் சொன்னாளா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"என்ன பண்ணலாம் மாமா? எடுத்துட்டுப் போயிடலாமா?" என்று லாரிக்காரி கேட்டாள்.

"இதைத் தூக்கிட்டுப் போய் நான் எங்கே வைக்கிறது? முப்பத்தெட்டு வருஷமா இதுங்க கையில இருந்திருக்கு. போதும். இங்கேயே முடிச்சுடலாம்." அவர் மாவக்காவைப் பார்த்தார். "உடைக்கிறதுல நீ கெட்டிக்காரியாமே. வா, உடை."

மாவக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஐயா, புருவத்துல முடி இருக்கு. முதல்ல அதை எடுக்கட்டுமா? எடுத்தா உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

பெரியவர் தன் புருவத்தைத் தடவிப்பார்த்தார். "எடு. நான் போறப்போ எல்லாம் ஒண்ணாப் போகட்டும்."

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அரக்கைக் கரைத்தாள். முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். இடது புருவத்தில் மூன்று, வலது புருவத்தில் ஐந்து, மீசை ஓரத்தில் ஒன்று. கறுகறுவென்று இருந்தன. அவருடைய இப்போதைய புருவம் முழுக்க வெள்ளை. மடித்த வெள்ளைத் தாளில் அவற்றை வரிசையாக வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். பெரியவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். சித்தி எட்டிப் பார்த்தாள். மற்ற வீட்டுக்காரர்களும் கூடி நின்று பார்த்தார்கள்.

லாரிக்காரியும் வந்து பார்த்தாள். அந்த ஒன்பது முடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு அறைகிற சத்தமும், பின்னால் எஞ்சின் பிடிக்கிற சத்தமும் கேட்டன. லாரி நகரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ம், அடி" என்றார் பெரியவர்.

மாவக்கா சுத்தியலை எடுத்தாள்.